கல்யாண அளவு

கோயம்புத்தூரில் அந்தக் கம்பெனி கடையைக் கட்ட இருந்த நேரத்தில், மிருதுளா ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அதைத் தூக்கி நிறுத்தினாள்.

"வாய் பொய் சொல்லுமுங்க. அளவு ஜாக்கெட் பொய் சொல்லாது."

அவர்கள் விற்க நினைத்தது ஓர் உள்ளாடை. வெங்காயச் சருகு போல மெல்லியது. பெயர் 'பழையபடி'. உடம்போடு ஒட்டிக்கொண்டு, நரம்புகளோடு பேசி, பசியை அடக்கி, கொழுப்பைக் கரைத்து, சொன்ன அளவுக்கு உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தும். வந்து சேர்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடும். எல்லாம் சரி, அந்த 'சொன்ன அளவு' என்பதில்தான் சிக்கல். எந்த அளவுக்கு வர வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். சினிமா நடிகையின் இடுப்பைச் சொன்னவர்கள் உண்டு. ஓரகத்தியை விட ஓர் இஞ்ச் குறைவாகச் சொன்னவர்களும் உண்டு. வாழ்ந்தறியாத உடம்புக்கு ஒருத்தியை எப்படி அனுப்புவது என்று விற்க அனுமதி தரும் குழு கேட்டது. நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் மிருதுளா எழுந்து நின்றாள். தையல்காரரிடம் போகும் எந்தப் பெண்ணாவது டேப்பை நம்புகிறாளா? நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப் போய், 'இதே அளவுக்கு' என்று கொடுத்துவிட்டு வருகிறாள். அதையே இயந்திரத்துக்கும் காட்டினால் ஆயிற்று. அதிலும் கல்யாண ஜாக்கெட். யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் பட்டுப்புடவையோடு சேர்த்து மடித்து வைத்திருப்பார்கள்.

"நாம யாரையும் புது உடம்புக்கு அனுப்பலைங்க. அவங்க ஏற்கெனவே நல்லா இருந்த உடம்புக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போறோம். அதுல என்ன ஆபத்து வந்துரும்?"

குழு தலையாட்டியது. கம்பெனி விளம்பரம் எழுதியது: 'உங்கள் கல்யாண ஜாக்கெட்டைக் கொடுங்கள். கல்யாணப் பெண்ணைத் திருப்பித் தருகிறோம்.' அதற்குப் பிறகு நடந்ததைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. கரூரிலிருந்து காரைக்குடி வரை பெண்கள் பீரோவைக் குடைந்தார்கள். பழைய ஜாக்கெட் பொருந்திய நாளில் அதைப் போட்டுப் படம் எடுத்து ஊருக்கே காட்டினார்கள். அவர்களுக்கு 'வந்து சேர்ந்தவங்க' என்று பெயர். வந்து சேராதவர்கள் விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். மூட்டு வலித்தது, முடி கொட்டியது, மாதவிலக்கு நின்றது என்று சிலர் முணுமுணுத்தபோது, இருபது வயசு சும்மா கிடைக்குமா என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள்.

மிருதுளாவுக்குப் பதவி உயர்ந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருத்தப்படவும் இல்லை. அவள் பீரோவில் கல்யாண ஜாக்கெட் கிடையாது. அது ஒரு குறை என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்காவின் கணவர் கவின் ஈரோட்டிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மிணி, உங்கக்கா மண்டியில மயங்கி உழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கறோம். நீ உடனே வா. டாக்டரம்மா உன்னையத்தான் கேக்கறாங்க."

"என்னையவா? எதுக்குங்க மாமா?"

"அந்தப் 'பழையபடி' சட்டையைப் பண்ணுனவங்க யாருன்னு கேட்டாங்க. என்ற கொழுந்தியாதான்னு சொன்னேன்."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பெருமையாகவும் சொல்லவில்லை. மிருதுளாவுக்கு அவிநாசி தாண்டும்வரை அந்தக் குரலே காதில் இருந்தது.

அக்கா சம்யுக்தா ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துகிறவள். ஏலத்தில் அவள் வாயைத் திறந்தால் எதிரில் நிற்கும் வியாபாரிகள் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் கட்டிலில் போர்வைக்குள் இருக்கும் இடம் தெரியாமல் கிடந்தாள். கன்னம் ஒட்டி, மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பிடரியில் 'பழையபடி'யின் விளக்கு மணி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கியது. இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

டாக்டர் ஆயிஷா பர்வீன் மிருதுளாவை ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கொழுப்பெல்லாம் எப்பவோ கரைஞ்சு போச்சு. இப்ப தசையில இருந்து எடுக்குது. எலும்பு அறுபது வயசுக்காரி எலும்பு மாதிரி இருக்கு. ஆறு மாசமா மாதவிலக்கு இல்லை. இதயமும் தசைதானே? அதையும் விடலை. உங்க சட்டை எப்பங்க நிறுத்தும்?"

"அளவு வந்தா நிறுத்திரும் டாக்டர்."

"அது எப்ப வரும்?"

மிருதுளா திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். "கழட்டிட்டா?" என்று கேட்டாள்.

"அதான் பயமே. இத்தனை நாளா இவங்க பசி, உப்பு, துடிப்பு எல்லாத்தையும் அதுதான் பார்த்துட்டிருக்கு. சட்டுனு கழட்டுனா தாங்காது. அதுவாத்தான் கையை எடுக்கணும். அதுக்கு முன்னாடி, கம்பெனியில இருந்தே அளவை மாத்திவிடுங்களேன். ஒரு பொத்தானை அமுக்கினாப் போதாதா?"

"முடியாதுங்க. போட்டிருக்கறவங்க சம்மதம் சொல்லணும். புதுசா ஒரு ஜாக்கெட்டையும் காட்டணும். வேற யார் நெனச்சாலும் மாத்த முடியாது. நான்தான் சண்டை போட்டு அப்படி வெச்சேன். இல்லைன்னா புருசனும் மாமியாரும் ஆளுக்கொரு அளவு வெச்சிருவாங்க."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க. இப்ப அதுவே கழுத்தைப் பிடிக்குது. சாயங்காலத்துக்குள்ள அது கையை எடுக்க ஆரம்பிக்கணும். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது."

சம்மதம் கேட்பதுதான் பெரிய பாடாக இருந்தது. சம்யுக்தா கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

"எதுக்குடி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கற? இன்னும் ரெண்டே விரக்கடைதான். வந்துருவேன்."

"வேண்டாங்க்கா. போதும். வேற அளவு குடுத்தர்லாம்."

"போதுமா? நம்ம தெருவுல எல்லாரும் வந்து சேந்துட்டாளுக. அந்த எதுத்த வீட்டுக்காரி, கல்யாணத்தப்ப என்னைய விட ரெண்டு மடங்கு இருந்தவ, அவளே வந்துட்டா. நான் மட்டும் பாதியில எறங்கறதா? என்ற உடம்பு, நான் இருந்த உடம்பு. அதுக்குத் திரும்பிப் போகக்கூட எனக்குத் துப்பில்லையா?"

ஏலத்தில் விட்டுக்கொடுக்காத அதே பிடிவாதம். கவின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாதமாக இதையே கேட்டுக் கேட்டு அவர் வாயடைத்துப் போயிருந்தார்.

மிருதுளாவின் மூளை வேறு பக்கம் ஓடியது. அவள் பொறியாளர், இயந்திரம் நிற்கவில்லை என்றால் ஏன் நிற்கவில்லை என்று பார்ப்பதுதான் அவள் புத்தி. சட்டையில் பழுதில்லை, வரும் வழியிலேயே ஃபோனில் சோதித்துவிட்டாள். அது சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. அக்காவின் விலா எலும்புகளைப் போர்வைக்கு மேலேயே எண்ணிவிடலாம். எலும்பு சுருங்காது. எலும்புக்கு மேல் இளைக்க எதுவுமே மிச்சமில்லாத பிறகும் இரண்டு விரற்கடை பாக்கி இருக்கிறது என்றால், அந்த ஜாக்கெட்டுக்குள் அக்கா எந்தக் காலத்தில் இருந்தாள்?

"மாமா, அந்த ஜாக்கெட் எங்கீங்க?"

"இங்கதான். தலைமாட்டுல வெச்சுக்கோணும்னு கொண்டாரச் சொன்னா."

அரக்கு நிறம், சரிகைக் கரை, பின்பக்கம் ஹூக் வைத்துத் தைத்தது. இருபது வருடத்தில் நிறம் மங்கியிருந்தது. மிருதுளா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஹூக் பட்டியின் இரண்டு ஓரங்களிலும் சின்னச் சின்னத் துளைகள். துளைகளைச் சுற்றித் துருக்கறை.

அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் வாயில் இரும்பின் ருசி தட்டியது. அப்படித்தான் அவளுக்கு நினைவு வந்தது.

மண்டபத்தின் மணமகள் அறை. வெளியே மேளம். பதினாறு வயது மிருதுளா உதடுகளுக்கிடையே ஊக்குகளைக் கடித்துக்கொண்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். ஹூக்குகள் எட்டவே இல்லை. சித்தி ஒரு பக்கம் இழுக்க, அத்தை ஒரு பக்கம் இழுக்க, அக்கா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரில் கை ஊன்றி நிற்க, மிருதுளா ஒவ்வொன்றாகக் குத்துகிறாள். இடைவெளியை மறைக்க அதே நிறத்தில் ஒரு துணித்துண்டு. அதற்கு மேல் பூச்சடையை இறக்கிவிட்டார்கள். முன்னால் மாலை. படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்று முழுக்க அக்கா பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை.

மிருதுளா கட்டிலில் உட்கார்ந்து ஜாக்கெட்டின் முதுகை அக்காவின் முகத்துக்கு நேராக விரித்தாள்.

"அக்கா, இது என்ன ஓட்டை?"

சம்யுக்தா பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"பூச்சி அரிச்சிருக்கும்."

"பூச்சி வரிசையா அரிக்குமா? நான் குத்துன ஊக்குக்கா இது. நானே குத்துனேன். ஒண்ணு உன்ற முதுகுலயே ஏறிப்போச்சு. நீ கத்துனே, சித்தி உன்ற வாயைப் பொத்துனாங்க. மறந்துட்டியா?"

"போட்டோவுல நல்லாத்தானே இருந்தேன்..."

"போட்டோ முன்னாடி நின்னுதானே எடுத்தாங்க!" மிருதுளா ஜாக்கெட்டை உலுக்கினாள். "உனக்கு இது என்னைக்குமே பத்தலைக்கா. கல்யாணத்தன்னைக்கே பத்தலை. இந்த உடம்புல நீ ஒரு நாள் கூட இருந்ததில்லை. இல்லாத ஊருக்கு ஆறு மாசமா நடந்துட்டிருக்கே. நான்தான் வழி சொல்லி அனுப்பியிருக்கேன்."

டாக்டர் ஆயிஷா வாசலிலேயே நின்றுவிட்டார். சம்யுக்தா மெலிந்த விரலால் ஒரு துளையைத் தடவினாள். பிறகு ஏலத்தில் தோற்ற விலையைச் சொல்வது போலச் சொன்னாள்:

"கல்யாண ஜாக்கெட்டுக்கு டைலர்கிட்ட அளவுக்குக் குடுத்தது ப்ளஸ் டூ ஃபேர்வெல்லுக்குத் தெச்ச ஜாக்கெட்டு."

"எது? டைபாய்டு வந்து எந்திரிச்சப்ப தெச்சதா?"

"ம். கல்யாணத்துக்குள்ள எளைச்சுப் போடுவேன்னு நெனச்சேன். எல்லாப் பொண்ணுகளும் அப்படித்தானே குடுக்கறாங்க?"

எல்லாப் பெண்களும். இருக்கிற உடம்புக்கு யார் கல்யாண ஜாக்கெட் தைக்கிறார்கள்? வரப்போகிற உடம்புக்குத் தைக்கிறார்கள். வராத உடம்புக்கு ஊக்கு குத்துகிறார்கள். ஒரு தடவையாவது கல்யாணம் பண்ணியிருந்தால் இந்த யோசனையை மிருதுளா சொல்லியே இருக்கமாட்டாள். அனுமதிக் குழு முழுக்க வேட்டியும் பேண்ட்டும். அவர்களுக்கும் தெரிய வழியில்லை.

அக்காவின் கண்ணில் நீர் வந்தது. ஆனால் சொன்னது வேறு. "இத்தனை நாளா என்ற மேல எனக்கு எத்தனை கோவம் தெரியுமா மிருது? ராச்சோத்தை விட்டேன், காப்பியை விட்டேன், இன்னும் வர மாட்டேங்குதேன்னு என்னையவே திட்டிட்டு இருந்தேன். கடைசியில அந்தத் துணிதான் சின்னதா?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மண்டிக் குரலில் கேட்டாள்: "செரி, இப்ப என்ன பண்ணோணும்? சம்மதந்தானே? சொல்றேன். வேற ஜாக்கெட்டைக் காட்டு."

கவின் பையைக் கவிழ்த்தார். வீட்டிலிருந்த ஜாக்கெட்டுகளையெல்லாம் அள்ளி வந்திருந்தார், நல்ல மனிதர். பயன் இல்லை. சட்டை வாங்கிய நாளிலிருந்து தைத்ததெல்லாம் அந்தக் கல்யாண அளவுக்கே தைத்தவை. அதற்கு முன்னால் இருந்தவற்றை மண்டியில் வேலை செய்கிற பெண்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். நாற்பத்து நாலு வயதுப் பெண்ணிடம் அவள் அளவுக்கு ஒரு ஜாக்கெட் இல்லை.

"டைலர்கிட்ட ஓடட்டுமா?" என்றார் கவின்.

மிருதுளா கல்யாண ஜாக்கெட்டை உள்புறம் வெளியாகத் திருப்பினாள். நம் ஊரில் ஜாக்கெட் தைக்கிற எவரும் உள்ளே துணி விடாமல் தைப்பதில்லை. பக்கத்துக்கு இரண்டு மூன்று தையல் போட்டு, மிச்சத் துணியை உள்ளே மடித்து விட்டிருப்பார்கள். இன்றைக்கு இந்த அளவு, நாளைக்குப் பிள்ளை பெற்றால் பிரித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அக்காவின் ஜாக்கெட்டிலும் இரண்டு பக்கமும் தாராளமாக விட்டிருந்தது. அன்றே இதைப் பிரித்துவிட்டிருந்தால் ஊக்கே வேண்டியிருக்காது. முகூர்த்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அக்கா விட்டிருக்கமாட்டாள்.

"டாக்டர், தையல் பிரிக்கறதுக்கு எதாவது இருக்குங்களா?"

காயத்தில் போட்ட தையலை வெட்டுகிற சின்னக் கத்திரியை டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார். மிருதுளா பிரித்தாள். நூல் அறுபட அறுபட, உள்ளே மடிந்திருந்த துணி வெளியே வந்தது. வெயில் படாத, வியர்வை படாத துணி. வெளுத்த ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் புத்தம் புதிய அரக்குப் பட்டை.

திரைச்சீலையை இழுத்துவிட்டு அக்காவுக்குப் போட்டுவிட்டாள். ஹூக்குகள் எல்லாம் மாட்டின. கையை நுழைத்தால் உள்ளே இடமும் இருந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த ஜாக்கெட் அதன் சொந்தக்காரிக்கு மூடியது.

"மூச்சு விட்டுப் பாருக்கா."

சம்யுக்தா விட்டாள். இன்னொரு தடவை, வேண்டுமென்றே நீளமாக விட்டாள்.

ஜாக்கெட்டைக் கழற்றி, மிருதுளா கொண்டுவந்திருந்த கம்பெனி அளவுத் தகட்டில் விரித்தார்கள். சம்யுக்தா கட்டைவிரலை வைத்துத் தெளிவாகச் சொன்னாள்: "இதுதான் என்ற அளவு." பிடரியில் ஆரஞ்சு மணி சற்று யோசித்தது. பிறகு பச்சைக்கு மாறியது. சாயங்காலம் வரை டாக்டர் கருவியின் திரையை விட்டு நகரவில்லை. துடிப்பு மெல்ல ஏறியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சம்யுக்தா கேட்டாள், "ஏனுங்க, பசிக்குதே. இட்லி கிடைக்குமா?" கவின் படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினார். அவர் அழுததை மிருதுளா பார்த்தாள். பார்க்காதது போல இருந்துகொண்டாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் கூட்டம். தலைவி நிரஞ்சனா மேசையின் தலைப்பக்கத்தில். விளம்பரங்களில் தன் கல்யாண ஜாக்கெட்டோடு சிரிக்கிற அதே நிரஞ்சனா. சுற்றிலும் கோட்டு போட்ட ஆண்கள். மிருதுளா நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஒருவர் தொண்டையைச் சரிசெய்தார்.

"ஒரு கேஸை வெச்சு எல்லாத்தையும் நிறுத்த முடியாதும்மா. உங்க அக்கா தப்பான ஜாக்கெட் குடுத்துட்டாங்க. அது அவங்க தப்பு."

"வந்து சேராதவங்க எல்லார்கிட்டயும் நேத்து ஒரு கேள்வி அனுப்பினேன் சார். உங்க அனுமதி கேக்கலை. 'கல்யாணத்தன்னைக்கு உங்க ஜாக்கெட்டுக்கு யார் ஊக்கு குத்துனாங்க?' அவ்வளவுதான் கேட்டேன். பதில் வந்துட்டே இருக்குங்க. அக்கா, அண்ணி, சித்தி, ஃபிரெண்டு, அழகு நிலையத்துப் பொண்ணு... குத்தலைன்னு சொன்னவங்களைத் தேட வேண்டியிருக்கு. என்ற தப்பை நான் ஒத்துக்கறேன். அளவு ஜாக்கெட் பொய் சொல்லும். நம்ம ஊருல அது சொல்ற முதல் பொய்யே கல்யாணத்தன்னைக்குத்தான்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊக்கு என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. நிரஞ்சனா மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

"நீங்கள்லாம் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்றார்.

கதவு சாத்தியதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். அருகில் பார்க்கையில் அந்த விளம்பர முகத்தில் கண்ணுக்குக் கீழே பூச்சு மட்டும்தான் இருந்தது.

"எனக்கு எங்க பெரியம்மா குத்துனாங்க" என்றார் தாழ்ந்த குரலில். "விளம்பரத்துல நான் போட்டிருக்கறது அந்த ஜாக்கெட் இல்லை. அதே மாதிரி வேற தெச்சாங்க. நான் இன்னும் வந்து சேரலை மிருதுளா. போன மாசம் மாடிப்படியில கால் தடுக்குச்சு, எலும்புல கீறல். வெளிய சொல்லலை." கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு, தலைமுடியை ஒதுக்கினார். ஆரஞ்சு. "இதை எப்படி எறக்கறதுன்னு முதல்ல எனக்குக் காட்டு. அப்புறம் ஊருக்குச் சொல்லலாம். நானே சொல்றேன்."

அவர் சொன்னார். கம்பெனிக்குப் பலத்த அடிதான், ஆனால் விழவில்லை. இப்போது 'பழையபடி' யாரையும் எந்த ஜாக்கெட்டுக்கும் அழைத்துப் போவதில்லை. ஏற்கெனவே போட்டிருப்பவர்களை மெல்ல இறக்கிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. அதற்கு முன்னால் ஒவ்வொருத்தியிடமும், யார் ஊக்கு குத்தினார்கள் என்று மிருதுளாவின் குரலில் கேட்கிறது. பதில் சொல்லும்போது பெண்கள் சிரிக்கிறார்களாம். சிலர் அழுகிறார்களாம்.

தை மாதம் கவினின் தங்கை மகள் கல்யாணம். சம்யுக்தா கொஞ்சம் சதை போட்டு, குரலும் திரும்பி, அதே அரக்கு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பக்கங்களில் புதுப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவர்கள் கேட்டார்கள். அவள் மண்டபத்தின் நடுவில் நின்று, முந்தானையை விலக்கி, முழுக்கதையையும் ஏலம் கூறுவது போலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

சித்திரையில் மிருதுளா ஈரோட்டுக் கடைவீதியில் ஒரு தையற்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டாள். பொம்மையில் புது ஜாக்கெட். இரண்டு பக்கமும் வேண்டுமென்றே அடர்த்தியான நிறத்தில் ஒரு பட்டை வைத்துத் தைத்திருந்தார்கள். மேலே அட்டை: 'சம்யுக்தா மாடல்'. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அக்காவைக் கூப்பிட்டாள்.

"பாத்தியாக்கா? பிரிக்காமயே பிரிச்ச மாதிரி தெச்சு விக்கறானுக! இதையும் ஃபேஷன் ஆக்கிப்போட்டாங்க!"

அந்தப் பக்கம் ஏலச் சத்தத்துக்கு நடுவே அக்காவின் சிரிப்பு கேட்டது.

"உள்ள போயி ஒண்ணைப் போட்டுப் பாருடி."

"எதுக்கு?"

"மூச்சு விட முடியுதான்னு பாரு. முடிஞ்சுதுன்னா விக்கட்டும், விடு."

மிருதுளா உள்ளே போனாள். போட்டாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று கூடக் கவனிக்காமல், நன்றாக இழுத்து ஒரு மூச்சு விட்டாள். பிறகு பில் போடச் சொன்னாள்.